வரலாற்று மாணவர்களுக்கு ஓர் ஆவண நூலகம் தரும் உள்ளகப் பயிற்சி: விதித்தாளும் நடைமுறையும்

சென்னையில் அறக்கட்டளை ஒன்று நடத்திவரும் ஓர் ஆவண நூலகம், ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இளங்கலை வரலாறு பயிலும் மாணவர்களை உள்ளகப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்கிறது. எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறையில் இன்டர்ன்ஷிப் ஒருங்கிணைப்பைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில், சில ஆண்டுகளாக அங்கே மாணவர்களை அனுப்பியும், பயிற்சி நடக்கும்போது நேரில் சென்று பார்த்தும், அவர்கள் எழுதிவரும் அறிக்கைகளைத் திருத்தியும் வருகிறேன். நிறைகளோடு குறைகளையும் சொல்லவேண்டியிருப்பதால் நூலகத்தின் பெயரைத் தவிர்த்துவிடுகிறேன். மாணவரிடம் கையொப்பம் பெறும் விதித்தாள் இத்தகைய நிறுவனங்கள் பலவற்றிலும் ஏறத்தாழ ஒரே அச்சில்தான் இருக்கிறது என்பதால், இங்கே சொல்வது பிற இடங்களுக்கு விண்ணப்பிப்போருக்கும் பயன்படக்கூடும்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு உள்ளகப் பயிற்சி என்பது பொறியியல், வணிகவியல் மாணவர்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டு நெறிகள் இளங்கலை மாணவருக்கு 60 முதல் 120 மணி நேரப் பயிற்சியைச் சொல்கின்றன. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்பது அவற்றின் கணக்கு. தமிழகக் கல்லூரிகள் பலவற்றிலும் இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் இதை முடித்து, அடுத்த பருவத்தில் 2 கிரெடிட் பெறவேண்டும். கணினி படிப்பவருக்கு மென்பொருள் நிறுவனம் இருக்கிறது, வணிகவியல் படிப்பவருக்குத் தணிக்கையாளர் அலுவலகம் இருக்கிறது. வரலாறு படிப்பவர் எங்கே போவது? தெரிந்தவர் நடத்தும் சுற்றுலா அலுவலகத்தில் பெயருக்கு நான்கு நாள் உட்கார்ந்துவிட்டு, முத்திரை குத்திய சான்றிதழோடு திரும்பும் வழக்கம் எல்லாத் துறைகளுக்கும் தெரிந்ததுதான். அந்த நிலையில், மாணவரின் கையில் மூல ஆவணத்தைக் கொடுத்து வேலை வாங்கும் இடம் ஒன்று இருப்பதே பெரிய செய்தி.

தமிழகத்தில் அதற்கான வளத்துக்குப் பஞ்சமில்லை. எழும்பூரில் 1909ஆம் ஆண்டு முதல் செங்கல் கட்டடத்தில் இயங்கிவரும் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துப் பதிவேடுகள் தொடங்கி வருவாய் வாரிய நடவடிக்கைகள்வரை அடுக்கடுக்காக இருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைக் கொண்டு 1994இல் உருவான ஆராய்ச்சி நூலகம் தரமணியில் இருக்கிறது. தஞ்சை சரசுவதி மகால், பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் என்று பட்டியல் நீளும். இவற்றோடு ஒப்பிட்டால் நான் மதிப்பிடும் நூலகம் சிறியது: பழைய அச்சகங்களின் கணக்குகள், குடும்பக் கடிதங்கள், துண்டறிக்கைகள், நின்றுபோன இதழ்கள் ஆகியவையே அதன் சேகரிப்பு. ஆனால் பட்டியலிடப்படாத கட்டுகள் இன்னும் ஏராளமாக இருப்பதால், மாணவருக்கு அங்கே உண்மையான வேலை இருக்கிறது. வேலை இல்லாத இடத்தில் எந்த விதியும் பயிற்சியாகாது.

விதித்தாள் நான்கு பக்கம். தமிழிலும் ஆங்கிலத்திலும் தருகிறார்கள். முதல் பக்கம் முழுவதும் தாளைக் கையாளும் முறை. பேனா கொண்டுவரக் கூடாது, பென்சில் மட்டும்தான். விரலை நாவில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது. ஆவணத்தின்மேல் முழங்கையை ஊன்றவோ, குறிப்பேட்டை வைத்து எழுதவோ கூடாது. செல்லோடேப், ஸ்டேப்ளர், ரப்பர் பேண்டு மூன்றும் அறைக்குள் வரக் கூடாது. துருப்பிடித்த குண்டூசி தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிடுங்கக் கூடாது. சீட்டு வைத்துவிட்டுப் பராமரிப்பாளரிடம் சொல்லவேண்டும். பருத்திக் கையுறை வேண்டாம், கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்தால் போதும். கையுறை போட்ட விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, கிழித்துவிடும் என்று காரணமும் அங்கேயே எழுதியிருக்கிறது. ஒளிப்படங்களைத் தொடும்போது மட்டும் கையுறை கட்டாயம். தொலைக்காட்சியில் வெள்ளைக் கையுறையோடு ஓலைச்சுவடியைப் பிடித்திருப்பவர்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த ஒரு விதியே முதல் நாள் வியப்பாக அமைகிறது. ஒவ்வொரு தடைக்கும் ஒரு வரிக் காரணம் தருவது இந்த விதித்தாளின் சிறந்த குணம். எங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் இந்தப் பண்பைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இரண்டாம் பக்கத்தில் உள்ள ஒரு விதிதான் என்னைப் பொறுத்தவரை இந்தப் பயிற்சியின் உயிர். கட்டு எந்த வரிசையில் வந்ததோ அந்த வரிசையிலேயே திரும்பக் கட்டப்பட வேண்டும். தேதிவாரியாகவோ பொருள்வாரியாகவோ மாணவர் மாற்றி அடுக்கக் கூடாது என்கிறது அது. ஒழுங்காக அடுக்கிவைப்பதே பொறுப்பு என்று பள்ளிக்காலம் முதல் சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு இது முரணாகத்தான் படும். எங்கள் மாணவி ஒருவருக்கு ஓர் அச்சகத்தின் பழைய கட்டு வந்தது. ரசீதுகளுக்கு நடுவே தேதியே இல்லாத கடிதம் ஒன்று, காகிதத்தின் விலையை விசாரித்து எழுதியது. கடிதங்களைத் தனியே எடுத்துவைத்தால் பட்டியலிட எளிதாக இருக்குமே என்று அவர் கேட்டார். மேற்பார்வையாளர் மறுத்துவிட்டு, மேலும் கீழும் இருந்த ரசீதுகளைப் படிக்கச் சொன்னார். இரண்டிலும் பசலி 1330 என்று இருந்தது. பசலி என்பது அந்நாளைய வருவாய்க் கணக்கு ஆண்டு. பசலியோடு 590ஐக் கூட்டினால் 1920. பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கி மறு ஜூனில் முடிவதால் 1920-21 என்று கொள்ளவேண்டும். கடிதத்தைத் தனியே எடுத்திருந்தால், அதற்குக் காலம் சொல்லக்கூடிய ஒரே சாட்சி போயிருக்கும். முதல் பருவத்தில் சான்றுகளைப் பற்றி நான் நடத்தும் பாடம் செய்யாததை இந்த ஒரு கட்டு செய்துவிட்டது. அப்படியும், கிடைத்த காலத்தைப் பட்டியலில் அடைப்புக்குள்தான் எழுத அனுமதித்தார்கள். அடைப்புக்குள் இருப்பது ஊகம், வெளியே இருப்பது தாளில் உள்ளது என்பது அங்கே மாற்ற முடியாத விதி.

பட்டியலிடும் முறைக்கும் இதே கறார்த்தனம் உண்டு. விவரக் குறிப்புப் பகுதியில் ஒரு மாணவி "முக்கியமான கடிதம்" என்று எழுதியிருந்ததை நான் சென்றிருந்த அன்று மேற்பார்வையாளர் அடித்தார். "யாருக்கு முக்கியம்மா? எழுதினவருக்கா, உங்களுக்கா? யார், யாருக்கு, எதைப்பத்தி எழுதினாங்கன்னு மட்டும் போடுங்க." "சரி மேடம்" என்று அவர் அழித்துவிட்டு, அனுப்பியவர், பெறுநர், ஊர், பொருள் என நான்கு விவரங்களை எழுதினார். பழைய ஆவணங்களில் சாதிப்பெயர்களும் இன்று நாம் பயன்படுத்தத் தயங்கும் சொற்களும் தாராளமாக வரும். அவற்றை மாற்றாமல் மேற்கோள் குறிக்குள் அப்படியே தரவேண்டும், பட்டியலிடுபவரின் சொந்த வாக்கியத்தில் அவற்றை ஆளக் கூடாது என்பது விதி. நாகரிகம் கருதித் திருத்தினால் வரலாற்றை மறைத்ததாகும், திருத்தாமல் நம் சொல்லாகவே எழுதினால் அதை வழிமொழிந்ததாகும். இரண்டுக்கும் நடுவில் இந்த விதி சரியாக நிற்கிறது.

அறிமுக வகுப்பைப் பற்றியும் நல்லவிதமாகவே சொல்லவேண்டும். தமிழ் எண்கள், மாகாணி, அரைக்கால் போன்ற பின்ன அளவைகள், அறுபது ஆண்டு வட்டம், ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்ற பழைய நாணயக் கணக்கு ஆகியவற்றை முதல் இரு நாள்களில் சொல்லித்தருகிறார்கள். பாடத்திட்டத்தில் சோழர் நிர்வாகத்தையும் பிரெஞ்சுப் புரட்சியையும் படித்துவிட்டு வரும் மாணவருக்கு ஒரு மளிகைக் கணக்கைப் படிக்கத் தெரிவதில்லை. ஆனந்த வருஷம் என்று மட்டும் ஒரு தாளில் இருந்தால், அது 1914-15ஆ, 1974-75ஆ என்பதைத் தாளின் தன்மை, எழுத்து, அஞ்சல் தலை ஆகியவற்றைக்கொண்டு தீர்மானிக்கக் கற்றுக்கொடுப்பது சாதாரணக் காரியமன்று.

ஆவணத்தைப் பற்றிய விதிகளில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நூலகம், மாணவரைப் பற்றிய விதிகளுக்கு வரும்போது தடுமாறுகிறது.

முதலில் நேரக்கணக்கு. நூலகம் 60 மணி நேரம் கேட்கிறது. மானியக் குழுவின் கணக்குப்படி 2 கிரெடிட்டுக்கு அது பொருந்துவதே. ஆனால் 30 மணி நேரத்துக்கே 2 கிரெடிட் தரும் பாடத்திட்டங்களும் நடைமுறையில் இருப்பதால், ஒரே மேசையில் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கல்லூரி மாணவர்களில் ஒருவர் பாதியிலேயே சான்றிதழ் கேட்டுக் கிளம்புவதும், மற்றவர் முணுமுணுத்துக்கொண்டு தொடர்வதும் நடக்கிறது. இதில் நூலகத்தின் பிழை குறைவு. என்றாலும் சேர்க்கையின்போதே கல்லூரியிடம் எழுத்துமூலம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள விதித்தாளில் இடம் வைத்திருக்கலாம். காலை, பிற்பகல் என்று அரைநாள் முறை இரண்டையும் அனுமதிப்பது பாராட்டத்தக்கது.

அடுத்தது தினக்குறிப்பு. ஒவ்வொரு நாளும் மாணவர் நிரப்பவேண்டிய படிவத்தில் வந்த நேரம், சென்ற நேரம், கட்டு எண், பதிவுகளின் எண்ணிக்கை என்ற நான்கு கட்டங்களே இருக்கின்றன. எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் வரும். பக்கத்து மேசையில் இருப்பவர் எத்தனை பதிவு முடித்தார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, படிக்கக் கடினமான கையெழுத்துள்ள தாளை விட்டுவிட்டு அச்சிட்ட ரசீதுகளாகப் பார்த்து எடுக்கும் பழக்கத்தை இந்தப் படிவமே வளர்க்கிறது. இன்று எந்தத் தாள் புரியவில்லை, ஏன் புரியவில்லை என்று ஒரு கட்டம் கூடுதலாக இருந்தால், வார இறுதியில் மேற்பார்வையாளர் பேசுவதற்கு ஒரு பொருள் இருக்கும். வாரம் ஒருமுறை கலந்துரையாடல் உண்டு என்று விதித்தாள் சொல்கிறது. முதல் வாரம் அது நடக்கிறது. பிறகு பணியாளர் பற்றாக்குறையால் தேய்ந்து, கடைசியில் நின்றுவிடுகிறது. மேற்பார்வையாளரின் திறமையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஒருவரே வாசகர்களையும் கவனித்து, நகல் கேட்போருக்குப் பதில் சொல்லி, எட்டுப் பத்துப் பிள்ளைகளின் பதிவுகளையும் சரிபார்க்க முடியாது. குறைவான மாணவர்களை எடுப்பதே இதற்குத் தீர்வு. அதனால் எங்கள் துறைக்குக் கிடைக்கும் இடங்கள் குறைந்தாலும் இதையே சொல்வேன்.

பயிற்சி முடிவில் நூலகம் கல்லூரிக்கு அனுப்பும் மதிப்பீட்டுத் தாள் இன்னும் மோசம். நேரந்தவறாமை, தகவல் தொடர்புத் திறன், குழுப்பணி, தலைமைப் பண்பு, தோற்றம் என ஐந்து தலைப்புகள். எங்கோ ஒரு வணிக நிறுவனத்தின் மனிதவளத் துறைப் படிவத்தை எடுத்து முகவரியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஊகத்தையும் சான்றையும் பிரித்து எழுதக் கற்றாரா, கையெழுத்து வாசிப்பில் முன்னேறினாரா, கட்டின் வரிசையைக் காத்தாரா என்ற கேள்வி ஒன்றுகூட இல்லை. அவ்வளவு நுட்பமாகக் கற்றுத்தந்துவிட்டுத் தோற்றத்துக்கு மதிப்பெண் போட்டு அனுப்புவதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

பணம் பற்றி விதித்தாளில் ஒரே ஒரு வரி: உதவித்தொகை எதுவும் வழங்கப்படாது. கட்டாயம் தரவேண்டும் என்று மானியக் குழு சொல்லவில்லை. அறக்கட்டளையின் நிதிநிலையும் எனக்குத் தெரிந்ததே. ஆனாலும் வரலாற்றுத் துறைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். கோடை விடுமுறை என்பது அவர்களுக்குத் தியாகராய நகர்த் துணிக்கடையிலோ சமையல் ஒப்பந்தக்காரரிடமோ வேலை பார்த்து அடுத்த பருவக் கட்டணத்தைச் சேர்க்கும் காலம். மாணவியருக்கு மாநகரச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லை என்பதால் 2021க்குப் பிறகு அவர்கள் வந்துபோவது எளிதாகியிருக்கிறது. கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் பக்கத்திலிருந்து மின்ரயிலில் வரும் மாணவருக்கு சீசன் டிக்கெட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் கைக்காசுதான். பயணப்படியாவது தந்தால், வசதியுள்ளவர் மட்டுமே ஆவணப் பணிக்கு வரமுடியும் என்ற நிலை கொஞ்சம் மாறும். இருவேளை தேநீர் தருகிறார்கள்; நல்ல தேநீர்.

உரிமைகள் பற்றிய பகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அனுமதியின்றி ஒளிப்படம் எடுக்கக் கூடாது, சமூக ஊடகத்தில் பதியக் கூடாது என்பவை நியாயமான விதிகள். குடும்பக் கடிதங்களில் தத்தெடுப்பு, கடன், மணமுறிவு எல்லாம் இருக்கும். பேரன் பேத்திகள் அடுத்த தெருவில் வாழ்ந்துகொண்டிருப்பார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியரின் ஆயுட்காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் உரிமையைக் காப்பதால், பழைய தாள் என்றாலே பொதுச்சொத்து என்று நினைத்துவிடவும் முடியாது. ஆனால் மாணவர் உருவாக்கும் பட்டியல் யாருடையது? அதே 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஊழியராகவோ தொழில்பழகுநராகவோ ஒப்பந்தத்தின்கீழ் ஒருவர் உருவாக்கியதன் முதல் உரிமையை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணியமர்த்தியவருக்கே தருகிறது. ஊதியமில்லாத உள்ளகப் பயிற்சியாளர் அந்த வரையறைக்குள் வருவாரா என்பது வாதத்துக்கு இடமுள்ளது. வாதத்துக்கு இடம் வைக்காமல் எழுதிவிடுவதற்குத்தானே விதித்தாள்? நூலகம் உரிமையை வைத்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. பட்டியலின் அடியில் தயாரித்த மாணவரின் பெயர் இருக்கவேண்டும். இப்போது "நூலகப் பணியாளர்" என்று மட்டுமே இருக்கிறது. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, நான் செய்தது இது என்று எடுத்துக்காட்ட மாணவரிடம் சான்றிதழைத் தவிர எதுவும் எஞ்சுவதில்லை. தாம் பட்டியலிட்ட கட்டைப் பற்றித் துறை இதழில் கட்டுரை எழுத அனுமதி கேட்ட மாணவருக்கு இன்னும் பதில் வரவில்லை. எத்தனை நாளுக்குள் பதில் தரப்படும் என்று விதித்தாளும் சொல்லவில்லை.

பாதுகாப்பு பற்றி இரண்டு செய்திகள். பழைய கட்டுகளில் தூசியும் பூஞ்சையும் இருக்கும் என்பதால் முகக்கவசம் தருகிறார்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அவர்களுக்குத் தூசு நீக்கிய கட்டுகளையோ மின்வருடிய படங்களையோ கொடுக்கிறார்கள் என்பதை நானே பார்த்தேன். ஆனால் பணியிடத்தில் பெண்களுக்கெதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பயிற்சியாளரையும் ஊழியர் என்ற வரையறைக்குள் வைத்திருக்கும்போது, புகார் இருந்தால் யாரிடம் செல்வது என்பது விதித்தாளில் எங்குமே இல்லை. பத்துப் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் இடமென்றால் மாவட்டக் குழு இருக்கிறது. அந்த விவரத்தையாவது அச்சிட்டிருக்கவேண்டும். சுட்டிக்காட்டியபோது அடுத்த ஆண்டு சேர்ப்பதாகச் சொன்னார்கள், சேர்க்கவில்லை. அங்கே தவறாக எதுவும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பத்தொன்பது வயதுப் பெண்களை வெளியிடத்துக்கு அனுப்பும் ஒருங்கிணைப்பாளருக்கு அது போதுமான பதிலன்று. எனவே அந்த விவரத்தை இப்போது எங்கள் துறைக் கடிதத்திலேயே எழுதி மாணவியர் கையில் கொடுக்கிறோம்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் மூன்றரை தருவேன்; அதில் மூன்று, விதித்தாளின் முதல் இரண்டு பக்கங்களுக்கு உரியது.

முதுகலை வரலாறு, நூலக அறிவியல், அருங்காட்சியகப் பணி என்று போக நினைப்பவர்களுக்கு இந்த இடத்தைத் தயங்காமல் சொல்வேன். அகழாய்வு என்றால் மட்டுமே கண்கள் மலரும் மாணவரை இங்கே அனுப்பவேண்டாம். குளிர்ந்த அறையில் நாளெல்லாம் உட்கார்ந்து ரசீது படிப்பது அவருக்கு ஒத்துவராது. தேர்வாணையத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள் பிற்பகல் முறையைக் கேட்டுப் பெறலாம். விண்ணப்பத்தை மார்ச் மாதத்துக்குள் அனுப்புவது நல்லது. துறைத்தலைவரின் கடிதம், கல்லூரி அடையாள அட்டை நகல், தமிழிலேயே எழுதிய ஒரு பக்க விருப்பக் குறிப்பு ஆகியவற்றைக் கேட்பார்கள். கல்லூரி எதிர்பார்க்கும் மணி நேரத்தையும், பட்டியலில் மாணவர் பெயர் இடம்பெறவேண்டும் என்ற கோரிக்கையையும் துறைக் கடிதத்திலேயே எழுதி, கையொப்பத்துடன் பதில் வாங்கிக்கொண்டு பிறகு மாணவரை அனுப்புங்கள். வாய்மொழியாகக் கேட்டால் "பார்த்துக்கலாம் சார்" என்பார்கள்.